அக்காவுக்குப் போடாத ஊசி

1

கம்பாலாவுக்கு வர என்ன ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று செஞ்சிப் பக்கத்திலிருந்து அவ்வப்போது யாராவது எனக்குப் போன் செய்கிறார்கள். உகாண்டாவில் பதினான்கு வருடம் கணக்குப் பாடம் நடத்தியவளை ஊரில் பாதி டாக்டராக்கி வைத்திருக்கிறார்கள். நானும் சளைக்காமல் சொல்கிறேன். மஞ்சள் காய்ச்சலுக்கான ஊசி கட்டாயம். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும். தெரு முனை கிளினிக்கில் போட மாட்டார்கள்; அரசு அனுமதித்த மையத்துக்குப் பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். மலேரியாவுக்கு டாக்டரிடம் மாத்திரை கேட்டு வாங்குங்கள், இங்கே வந்ததும் கொசுவலைக்குள் படுங்கள். வெந்நீர் குடியுங்கள்.

ஒரு வருடமாக இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். வீட்டில் பேர் தெரியாத மாத்திரை ஏதாவது தின்கிறீர்களா? தின்றால் அதை அப்படியே எடுத்துப் போய் ஊசி போடும் டாக்டரிடம் காட்டுங்கள். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். பேர் தெரியாத மாத்திரையை எவன் தின்னுவான் என்கிறார்கள்.

என் அக்கா தின்றாள். நான்கு வருடம் தின்றாள். அது தெரிந்தே நான் ஒரு படிவத்தில் 'இல்லை' என்று பதில் போட்டேன். வெட்கக்கேடுதான், ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

2

செசிலி அக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. மாதா கோயிலுக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறாள். நான் பி.எட். படித்தது அவள் சமைத்த சம்பளத்தில். இதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதனாலேயே எனக்கு அது எப்போதும் உறுத்தும்.

போன வருடம் எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று கம்பாலாவில் சொன்னார்கள். ஜூன் மாதம் ஆபரேஷன். என் வீட்டுக்காரர் ஸ்டீபன் ஜெனரேட்டர் பழுது பார்க்கிற வேலையில் இருக்கிறார். மாதத்தில் பாதி நாள் வடக்கே எங்காவது சுற்றுவார். மகள் ஆன்சிக்கு அப்போது பதின்மூன்று வயது. ஆறு வாரம் வாளி தூக்கக் கூடாது, மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் பட்டியல் போட்டபோது எனக்கு ஒரே ஒரு முகம்தான் நினைவுக்கு வந்தது.

அக்காவிடம் சொன்னேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. "பாஸ்போர்ட்டு எடுக்கணுமா? யாரப் பாக்கணும் சொல்லு" என்றாள். எடுத்தாள். விழுப்புரத்துக்கு மேல் தனியாகப் போகாதவள், போலீஸ் விசாரணைக்கு வந்தவருக்கு மோர் கொடுத்து உட்கார வைத்து, தானே எல்லாவற்றையும் முடித்தாள்.

வீடியோ அழைப்பில் அவள் முகம் வட்டமாக, பளபளப்பாகத் தெரியும். "பூசினாப்ல இருக்கக்கா, தனியா இருந்தாலும் நல்லாச் சாப்டுற போலருக்குது" என்று நான் கேலி செய்வேன். அவளும் சிரிப்பாள். வருடக்கணக்கில் அப்படித்தான் நான் அவளுடைய உடல்நலத்தை விசாரித்திருக்கிறேன்.

3

மே மாதம் நான் மட்டும் ஊருக்குப் போனேன். அக்காவைக் கையோடு அழைத்து வருவதாகத் திட்டம். ஆன்சி வரவில்லை. அவளுக்கு நீச்சல் முகாம். "அங்கே வெயிலில் நான் என்ன செய்வேன்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கோட்டை மலைப் பாறையெல்லாம் சாயங்காலம் வரை அனல் கக்குகிற மாதம். நானும் வற்புறுத்தவில்லை.

வந்த அன்றே அக்கா வீட்டு அலமாரியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையக் காகிதப் பொட்டலங்களைப் பார்த்தேன். செய்தித்தாள் துண்டில் மடித்தவை. ஒவ்வொன்றிலும் நான்கு மாத்திரை. ஒன்று மஞ்சள், ஒன்று ரோஸ், ஒரு பெரிய வெள்ளை, ஒரு பொடி வெள்ளை.

"இன்னாக்கா இது?"

"முட்டி வலிக்கு. நாலு வருசமா திங்கிறேன். கடையில செட்டு மாத்திரன்னு கேட்டா குடுப்பாங்க. காலைல ஒரு செட்டு, சாயங்காலம் ஒரு செட்டு. அதில்லன்னா அடுப்பாண்ட நிக்க முடியுமா நானு?"

"பேரு இன்னா?"

"செட்டு மாத்திர தான்டி."

எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. மருந்துக்கடையில் பெரிய அட்டையிலிருந்து கத்திரித்தும் டப்பாவிலிருந்து எடுத்தும் கலந்து கொடுப்பார்கள். சீட்டு கிடையாது, பேர் கிடையாது. டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் அது மருந்து. கடையில் கேட்டு வாங்குவது வலிக்குத் தின்கிற ஒன்று, வெற்றிலை பாக்கு மாதிரி. அக்காவைப் பொறுத்தவரை அவள் எந்த மருந்தும் சாப்பிடுவதில்லை.

ஆனால் நான் படித்தவள். அந்தப் பொடி வெள்ளை மாத்திரை என்னவாக இருக்கும் என்று ஒரு சந்தேகம் அப்போதே வந்தது. மறுநாள் சென்னை மையத்துக்குப் போனில் பதிவு செய்தபோது, தொடர்ந்து எடுத்துக்கொள்ளும் மருந்துகள் உண்டா என்று படிவம் கேட்டது. என் கட்டைவிரல் நின்றது. ஆம் என்று போட்டால் கேள்வி வரும், டாக்டர் கடிதம் கேட்பார்கள், இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். விமானத்துக்குப் பதினாறு நாள்தான் இருந்தது. ஊசிக்குப் பிறகு பத்து நாள் வேண்டும். கணக்கு டீச்சர் கணக்குப் போட்டாள்.

இல்லை என்று போட்டேன்.

4

விடிவதற்குள் பஸ் ஏறி, பத்து மணிக்கு மையத்தில் இருந்தோம். மர பெஞ்சில் இருபது பேர். கப்பல் வேலைக்குப் போகிறவர்கள், கானாவுக்குப் போகிற ஒரு பாதிரியார், கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத ஒரு பெண். அக்கா தன் ஒரே பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஊசி போட யாராவது பட்டு கட்டுவார்களா என்று நான் சிரித்தேன். "வெளிநாட்டு வேலையா போறோம், நைட்டியிலயா வருவாங்க?" என்றாள்.

எங்களுக்கு முன்னால் நான்கு பேர் இருக்கும்போது அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பொட்டலத்தை எடுத்தாள். நான்கு மாத்திரையையும் ஒரே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். எதிரே சுவரில் ஒரு பலகை. யார் யாருக்கு இந்த ஊசி கூடாது என்று தமிழிலேயே எழுதியிருந்தது. நான் அதைப் படித்தேன். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து என்ற வரிக்கு வந்ததும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

உள்ளே ஒரு பெண் டாக்டர். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்.

"முட்டை சாப்பிட்டா ஒவ்வாமை வருமாம்மா?"

"தெனம் எரநூறு முட்டை அவிக்கிறேன் டாக்டரம்மா. எனக்கு முட்டை ஆவாதா?"

டாக்டர் சிரித்துவிட்டார். பி.பி.? இல்லை. சர்க்கரை? பார்த்ததில்லை. தொடர்ந்து ஏதாவது மாத்திரை?

"ஒண்ணும் இல்லம்மா."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைப் பிடித்துத் திருப்பினார். முழங்கைக்குக் கீழே தோல் மெலிந்து, நீலநீலமாகக் கன்றியிருந்தது. அண்டா இடித்தது என்றாள் அக்கா. டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க தங்கச்சியா? ஒண்ணும் சாப்பிடறதில்லையா?"

நான் தலையாட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியாத ஒரு தலையாட்டல்.

நர்ஸ் அக்காவின் ரவிக்கைக் கையை மேலே ஏற்றிப் பஞ்சால் துடைத்தார். ஐஸ் பெட்டியிலிருந்து மருந்து வெளியே வந்தது. ஊசியில் ஏறியது. அக்கா கண்ணை இறுக மூடி "மாதாவே" என்றாள். போட்டுவிட்டால் முடிந்தது, ஊசி போட்டதற்கான அட்டை கையில், ஜூனில் என் தலைமாட்டில் அக்கா. எனக்கு அவள் வேண்டும் என்பதைத் தவிர அந்த அறையில் எனக்கு வேறு எண்ணமே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"டாக்டர், ஒரு நிமிஷம்," என்றேன். குரல் கிறீச்சிட்டது. "மாத்திரை சாப்பிடறா. என்னன்னு தெரியாது. நாலு வருஷமா."

அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை.

முந்தானையில் சாயங்காலப் பொட்டலம் இருந்தது. டாக்டர் பிரித்து, அந்தப் பொடி வெள்ளையைத் தனியாக நகர்த்தினார். "ஸ்டீராய்டு மாதிரிதான் தெரியுது. இந்த ஊசி, உயிருள்ள கிருமியோட வலுவைக் குறைச்சுப் போடறது. உங்க உடம்புல எதிர்ப்பு இல்லன்னா ஊசியே நோயாயிடும். இன்னிக்குப் போட முடியாது." ஒரு சீட்டில் எழுதினார். எழுதிக்கொண்டே இரண்டு முறை சொன்னார்: "ஆனா இதைத் திடீர்னு நிறுத்திடாதீங்கம்மா. பெரிய டாக்டரைப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

5

திண்டிவனத்தில் பஸ் மாறி உட்கார்ந்ததும் அக்கா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"நீதான் வான்னு கூப்ட்ட. நீயே வாணாம்னுட்ட."

"உன் உயிருக்கு ஆபத்துன்னாங்கக்கா."

"உனக்கு வயித்த கிழிக்கிறாங்க. அதுக்கு ஆபத்து இல்லயா?"

நான் சமாதானம் சொன்னேன். திங்கட்கிழமை விழுப்புரத்தில் டாக்டரைப் பார்க்கலாம், மெதுவாகக் குறைக்கலாம், அடுத்த வருடம் வரலாம் என்றேன். அவள் "ம்" என்றாள். அன்று வியாழக்கிழமை. அந்த "ம்" எனக்குப் போதுமாக இருந்தது. அவள் மனதுக்குள் வேறு கணக்கு ஓடியிருக்கிறது. மாத்திரை தின்பதுதானே தடை? தின்னாவிட்டால் தடை போயிற்று. இன்னும் சில நாளில் மறுபடி மையத்துக்குப் போனால் ஊசி போட்டுவிடுவார்கள். அன்று சாயங்காலமே நிறுத்திவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை.

நான் என்ன செய்தேன்? ஆன்சிக்குச் சுடிதார் எடுக்கக் கடைத்தெருவுக்குப் போனேன். மேல்சித்தாமூரில் இருக்கும் பழைய தோழியைப் பார்க்கப் போனேன். விருந்தாளி மாதிரி ஊரைச் சுற்றினேன். அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்தாள். கோபத்தில் அப்படி நடக்கிறாள் என்று நினைத்தேன்.

6

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு அவள் எழுந்திருக்கவில்லை. வாந்தி. வியர்வை. உள்ளங்கை ஜில்லென்று இருந்தது. பக்கத்து வீட்டு லூர்து சித்தி வந்து பார்த்துவிட்டு, "வெயில் தாக்கிடுச்சு. எலுமிச்சம்பழம் புழிஞ்சு உப்பு போட்டுக் குடு" என்றார். மே மாதத்தில் எங்கள் ஊரில் யாருக்கு என்ன வந்தாலும் வெயில்தான். நானும் நம்பினேன். பழம் பிழிந்து கொடுத்தேன், நெற்றியில் ஈரத்துணி போட்டேன். குடித்ததெல்லாம் திரும்ப வந்தது. இப்படியே மதியம் வரை வீணாக்கினேன்.

மதியம் கரண்டி எடுக்க அலமாரியைத் திறந்தேன். ஹார்லிக்ஸ் பாட்டில் காலியாக, கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"அக்கா, மாத்திர எங்க?"

அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எங்கன்னு கேக்கறேன்ல? எப்ப நிறுத்தின?"

"அன்னிக்கே அடுப்புல போட்டுட்டேன்டி," என்றாள். நாக்கு குழறியது. "இப்ப போனா போடுவாங்கல்ல?"

நான் கத்தியதில் தெருவே கூடிவிட்டது. ஆட்டோவில் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன தூரம் அதிகமில்லை. ஆனால் கடைத்தெருவில் ஒரு டிராக்டர் குறுக்கே நின்றது. இறங்கி ஓடிப் போய் அந்த டிரைவரின் சட்டையைப் பிடித்தேன். வருடக்கணக்கில் பிள்ளைகளுக்குப் பொறுமையைப் போதித்தவள் அன்று நடுத்தெருவில் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

டியூட்டியில் இருந்தவர் இளம் டாக்டர். நான் வாய் திறப்பதற்குள் கூட வந்த லூர்து சித்தி வெயில் என்று சொல்லிவிட, எங்களை ஒதுக்கிவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். ரத்த அழுத்தம் ஏறவில்லை. நர்ஸ் எண்ணைச் சொல்லச் சொல்ல டாக்டரின் முகம் மாறிக்கொண்டே வந்தது. "வெயில்னு சொல்றீங்க, டிரிப்ஸ் போயும் ஏறலையே. வேற ஏதாவது இருக்குதா?"

இந்த முறை நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சென்னை டாக்டரின் சீட்டை நீட்டி எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை வருடம், தினம் எத்தனை வேளை, எந்த நாளில் நிறுத்தினாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் திரும்பி ஒரு மருந்தின் பெயரைச் சத்தமாகச் சொன்னார். நர்ஸ் ஓடினார். நரம்பில் ஊசி போட்டார்கள்.

"வெளியிலேர்ந்து ஸ்டீராய்டு வருஷக்கணக்கா குடுத்துட்டே இருந்தா உடம்பு தானா சுரக்கிறத விட்டுடும்," என்றார் டாக்டர் பிறகு. "சட்டுன்னு நிறுத்தினா ரெண்டுமே இல்லாம போயிடும். இதச் சொல்லாம இருந்திருந்தா நானும் வெயில்னுதான் பாத்துட்டு இருந்திருப்பேன்."

விழுப்புரத்துக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். பாதி வழியில் அக்காவின் கை லேசாகச் சூடானது. உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"டிக்கெட்டு எந்தத் தேதி?" என்றாள்.

அந்த வண்டியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

7

குறித்த தேதியில் நான் மட்டும் விமானம் ஏறினேன். அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து விரட்டினாள். ஆபரேஷனைத் தள்ளிப் போட்டால் மாத்திரையைத் துப்பிவிடுவதாக மிரட்டினாள். லூர்து சித்தி அவளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். என்டெபி விமான நிலையத்தில் என் ஊசி அட்டையைப் பார்த்த அதிகாரி, கூட யாரும் வரவில்லையா என்று கேட்டார். இல்லை என்று சொல்லி அட்டையை வாங்கிக்கொண்டேன்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஆன்சி சாப்பாடு செய்தாள். சோறில்லை, மத்தோக்கே வாழைக்காயை அவித்து மசித்து, வேர்க்கடலைக் குழம்போடு கொண்டுவந்து வைத்தாள். எதிர்வீட்டு நாகாவா அம்மாளிடம் கற்றுக்கொண்டாளாம். அந்த அம்மாளிடம் லுகாண்டா மொழியில் வளவளவென்று பேசுவாள். பெரியம்மாவிடம் வீடியோவில் "சாப்டியா பெரிம்மா?" என்ற ஒரு வரிதான். அதற்கு மேல் தமிழ் வராமல் போனை என்னிடம் தள்ளிவிடுவாள்.

ஒருநாள் நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "பெரிம்மா நாலு வருஷம் அது என்ன மாத்திரைன்னு கேட்கவே இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் படிக்கவில்லை, கடைக்காரரை நம்பினாள் என்றேன்.

"சரி, நீ படிச்சிருக்கியே. நாலு வருஷம் நீ ஏன் கேட்கல?"

தினமும் வீடியோவில் பார்த்தேன். முகம் வீங்கியதைப் பார்த்து நன்றாக இருக்கிறாய் என்றேன். இதுதான் நான் வெளிநாட்டிலிருந்து செய்த குசல விசாரிப்பு.

8

நேற்று மதியம், ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வெளியே மழை. அக்காவின் அழைப்பு. பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல்.

"மெட்ராஸுல இருக்குறேன்."

"மெட்ராஸா? யாரோட?"

"யாரோட வர்றது? தனியாத்தான். அந்த ஊசி போடற எடத்துக்கு வந்தேன். போன்ல பதிய நம்ம ஸ்கூல் டீச்சரு ஒத்தாச பண்ணாங்க. உன்னாண்ட சொன்னா நீ வாணாம்ப."

இன்னும் தினம் ஒரு மாத்திரை அவளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். உடம்பு தானாகச் சுரக்கும் வரை விடக் கூடாது என்று விழுப்புரத்தில் சொல்லியிருந்தார்கள். "அக்கா, மாத்திரய நிறுத்திட்டியா? உண்மையச் சொல்லு."

"கத்தாத. நிறுத்தல. எல்லாச் சீட்டையும் எடுத்துக்கினு போயி டாக்டரம்மா மேச மேல பரப்பிட்டேன். போன வருசம் பொய் சொன்னவ நான்தாம்மா, இந்த வருசம் எல்லாத்தையும் பாத்துக்குங்கன்னேன்."

"இன்னா சொன்னாங்க?"

"ரொம்ப நேரம் படிச்சாங்க. விழுப்புரத்துக்கும் போன் போட்டுப் பேசனாங்க. இந்த ஒடம்புக்கு இந்த ஊசி வாணாம்மான்னாங்க. ஊசி போடக் கூடாதுன்னு வேணா கடுதாசி தரேன், அத காட்டினா உள்ள விடுவாங்க, ஆனா அங்கிருக்கிற கொசு கடுதாசியப் படிக்காதுன்னாங்க. போவாதீங்கன்னு சீட்டுலயே எழுதிட்டாங்க."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொன்னால் கதவு சாத்தப்படும் என்று தெரிந்தே, அத்தனை தூரம் தனியாகப் போய்ச் சொல்லிவிட்டு நிற்கிறாள். நான் அழுவது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"இன்னாத்துக்கு அழுவுற? நான் வர முடியாதுன்னு அவங்க எழுதியே குடுத்துட்டாங்க. அத பத்திரமா வச்சிருக்கேன்," என்றாள் அக்கா. "நீ வர முடியாதுன்னு உனக்கு யாரு எழுதிக் குடுத்தாங்க ரெஜி?"

"யாரும் குடுக்கலக்கா."

"அப்ப வா," என்றாள். பஸ் கிளம்புகிறது என்று சொல்லி வைத்துவிட்டாள்.